மணல் வாளியும் நாற்பது லிட்டரும்

புது லுங்கியின் பின்பக்கம் ஒட்டியிருந்த லேபிளைக் கிழிக்க நேரமில்லை. அதோடுதான் ஸ்டூல் மேல் ஏறினேன். கீழே காய்ந்த ஏரி முழுக்க ஜனம். என் கையில் இருபது லிட்டர் பெட்ரோல் நிறைந்த இரும்பு கேன். எதிரே, மார்பு உயரத்தில், ஒரு குட்டி விமானத்தின் இறக்கை. இறக்கையின் மேல் ஒரு மூடி. அந்த மூடியை எந்தப் பக்கம் திருகினால் திறக்கும் என்று எனக்குத் தெரியாது.

எனக்குத் தெரியாது என்பது அந்த ஏரியில் எனக்கு மட்டுமே தெரிந்த விஷயம். விமானத்துக்குப் பெட்ரோல் ஊற்றுவது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று நினைத்துத்தான் மற்ற அத்தனை பேரும் நின்றிருந்தார்கள். அப்படி நினைக்கும்படி நாலு வருஷமாக ஊரில் சொல்லிவைத்தவன் நானேதான்.

ரெக்கை

எட்டாம் வகுப்பில் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டு இறங்கியவன் நான். அப்புறமும் இறங்கிக்கொண்டேதான் இருந்தேன். லாரியில் கிளீனராக ஏறி நெல்லூரில் இறங்கினேன். அங்கே இறால் குட்டையில் எட்டு மாதம், முட்டிவரை உப்புத் தண்ணீர். கால் புண் ஆறியதும் ரயிலேறி புனேயில் இறங்கினேன். அங்கே ஒரு கேன்டீன். அதுவும் சலித்து, திரும்பி வரும் வழியில், கர்நாடகத்துப் பக்கம் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஒரு பள்ளியில் ஆள் வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். அங்கே இறங்கினேன். விமானம் எல்லாம் ஏறும் இடத்தில் இறங்கியவன் நான் ஒருத்தன்தான்.

விமானங்களை நிறுத்தும் தகரக் கொட்டகையிலேயே படுக்கை. சிமென்ட் தரை. மழைக்காலத்தில் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டுக்கொள்வேன். சாப்பாடு பெரும்பாலும் ஒரு வேளை. பசி ஒன்றும் பெரிய விஷயமில்லை. பன்னிரண்டு மணிக்கு வரும், நாலு மணிக்குப் போய்விடும்.

அங்கே பெட்ரோல் ஊற்றுகிறவர் மேத்யூ என்று ஒருவர். குழந்தைக்குக்கூட அப்படிப் பாலூட்ட மாட்டார்கள். இன்ஜின் ஆறியதா என்று பார்ப்பார். விமானத்தின் உடம்பிலிருந்து ஒரு கம்பியை இழுத்துத் தரையில் அடித்த முளையில் மாட்டுவார்; உடம்பில் சேர்ந்த மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிடும். புனலில் மெல்லிய ஆட்டுத்தோலை விரிப்பார்; பெட்ரோல் அதில் இறங்கும், தண்ணீர் இறங்காது. நைலான், பாலியஸ்டர் போட்டவன் கிட்டே வந்தால் விரட்டிவிடுவார். அந்தத் துணி உடம்பில் உரசினால் பொறி வரும், பொறி வந்தால் எல்லோரும் பைலட் இல்லாமலே மேலே போய்விடுவோம் என்பார்.

இத்தனையும் நடக்கும்போது என் வேலை, மணல் நிரம்பிய வாளியைப் பிடித்துக்கொண்டு நிற்பது.

நிற்பது என்றால் விமானத்தைப் பார்த்து நிற்பதில்லை. விமானத்துக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். எவனாவது பீடியோடு வருகிறானா, எங்கேயாவது புகைகிறதா என்று சுற்றுமுற்றும் பார்க்க வேண்டும். ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். "அங்க என்ன சினிமாவா ஓடுது?" என்று மேத்யூ கத்திய கத்தலில் வாளி காலில் விழுந்து நகம் போனது. அப்புறம் திரும்பவில்லை. ரெண்டு வருஷம் நின்றேன். என் முதுகுக்குப் பின்னால் எத்தனையோ ஆயிரம் லிட்டர் ஊற்றப்பட்டது. ஒரு சொட்டைக்கூட நான் கண்ணால் பார்த்ததில்லை.

ஊருக்கு வந்ததும் கேட்டார்கள், இவ்வளவு நாள் எங்கே இருந்தாய் என்று. வாளி பிடித்துக்கொண்டு நின்றேன் என்று திருத்தணி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் சொல்ல முடியுமா? ஏரோபிளானுக்குப் பெட்ரோல் ஊற்றினேன் என்றேன். ஒரே ஒரு வார்த்தையைத்தான் மாற்றினேன். மிச்சத்தைக் கேட்கிறவர்கள் மாற்றிக்கொண்டார்கள். ஒரு வாரத்தில் எனக்கு 'ரெக்கை' என்று பேர் விழுந்தது. நம்பி வைத்த பேர் அல்ல அது. வாயாலேயே பறக்கிறவன் என்று அர்த்தம்.

பாவாவும் பொய்யும்

நம்பாதவர்களில் முதல் ஆள் என் பாவா. அக்கா புருஷன், முனிரத்தினம். சொந்த ஊர் அம்மையார்குப்பம். திருத்தணியில் வீட்டுக்குப் பின்னாலேயே கொட்டகை போட்டு ரெண்டு விசைத்தறி ஓட்டுகிறார். பருத்தி லுங்கி. தறியில் ஓர் இழை அறுந்தாலும் எதிரில் ஒருவன் பொய் சொன்னாலும் பாவாவின் முகம் ஒரே மாதிரி சுருங்கும். அறுந்த இழையை உடனே முடிந்துவிடுவார். என்னை முடிய முடியவில்லை என்பதுதான் அவருடைய வருத்தம்.

நான் ஊருக்கு வரும்போதெல்லாம் அவர் வீட்டில்தான் தங்குவேன். சோறு போடுவதில் குறை வைத்ததே இல்லை. ஆனால் தட்டின் முன் உட்கார்ந்தால் சமையல்கட்டைப் பார்த்துக் குரல் கொடுப்பார்.

"கன்னியம்மா, ஏரோபிளானுக்கு இன்னும் ரெண்டு தோசை ஊத்து. சிந்தாம ஊத்து. அவன் அந்த வேலைல பெரிய ஆளு."

அக்கா மட்டும் என்னை நம்பினாள். ஒரு ஊரே சிரிக்கும்போது ஒருத்தி மட்டும் நம்புவது இருக்கிறதே, அதைத் தாங்குவதுதான் கஷ்டம்.

ஏரியில் இறங்கியது

எங்கள் பக்கத்தில் விமானச் சத்தம் கேட்டால் யாரும் தலை தூக்கிப் பார்க்க மாட்டார்கள். அரக்கோணத்துப் பக்கமிருந்து பெரிய பெரிய விமானங்கள் நாள் பூராவும் போகும். அன்றைக்குக் கேட்டது வேறு சத்தம். தையல் மெஷினை யாரோ ஆகாயத்தில் வைத்து மிதிக்கிற மாதிரி. கோடை வெயில். சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தேன். சத்தம் கீழே கீழே வந்து, நின்றுவிட்டது.

அப்படியே தூங்கிவிட்டேன். ரெண்டு மணி நேரம் கழித்துப் பாவாவின் மொபெட் வாசலில் வந்து நின்றது. ஆர்.கே.பேட்டை வியாபாரிக்குக் கொடுக்க லுங்கி மூட்டையோடு கிளம்பியவர், பாதி வழியில் திரும்பியிருக்கிறார்.

"மச்சான், எழுந்திரு. உன் ஆளு வந்துகீறான்."

"எந்த ஆளு பாவா?"

"ரெக்கை வெச்ச ஆளு. நம்ம ஏரில எறங்கி நிக்கிறான். பெட்ரோல் ஊத்த ஆள் இல்லியாம்."

எனக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுக்கலாமா என்று ஒரு யோசனை வந்தது. அதற்குள் அக்கா பின்கட்டிலிருந்து ஓடி வந்தாள். கையில் மாவு.

"போடா கோபாலு. போய் ஊத்திட்டு வா. உன்னைச் சிரிச்சவங்க அத்தினி பேரும் பாக்கட்டும்."

பாவா மொபெட்டை முடுக்கினார். "ஆங், நானும் அதான் சொல்றேன். பாக்கட்டும்."

ஏரி காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நடுவில் அந்த விமானம். வெள்ளை நிறம், ரெண்டே பேர் உட்காரலாம். மூன்று சக்கரம். ஷேர் ஆட்டோவுக்கு இறக்கை முளைத்த மாதிரி இருந்தது. அதற்குள் எங்கள் ஜனம் மூன்று சக்கரத்துக்கு அடியிலும் மூன்று எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். முன்னால் சுற்றும் காற்றாடி இதழ்களில் சந்தனப் பொட்டு. போலீஸ்காரர்கள் ரெண்டு பேர் கயிறு கட்டிக் கூட்டத்தைத் தள்ளி நிறுத்திக்கொண்டிருந்தார்கள்.

ஓட்டி வந்தது ஒரு பெண். நித்யா என்று பெயர். முப்பதுக்குள் இருக்கும். எதிர்காற்று பலமாக அடித்ததில் விமானம் பெட்ரோலைக் கணக்குக்கு மேல் குடித்துவிட்டது. இன்ஜின் ஓடும்போதே நல்ல இடமாகப் பார்த்து இறக்கிவிட்டாள். இறக்கியதில் ஒரு கீறல் இல்லை. கீழே குதித்தபோதுதான் மாட்டுக் குளம்பு பதிந்து காய்ந்திருந்த குழியில் கால் இடறி, கையை ஊன்றி, வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. கைக்குட்டையால் இறுக்கிக் கட்டியிருந்தாள்.

அவள் வேலை பார்க்கும் கம்பெனி ஆட்கள் ஜீப்பில் ரெண்டு இரும்பு கேன், புனல், தோல், கம்பி எல்லாம் அனுப்பியிருந்தார்கள். வந்தது டிரைவர் மட்டும். அவருக்கு உயரத்தில் ஏறினால் தலை சுற்றுமாம். கேனை இறக்கி வைத்துவிட்டு ஜீப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

"பறக்கறதுக்குப் பர்மிஷன் போன்லயே வாங்கிட்டேன்," என்று போலீஸ்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "அந்த மேகத்தைப் பாருங்க. ஒரு மணி நேரத்துல மழை வரும். வந்தா இந்த மண்ணு சேறாயிடும், பிளேன் ஓடாது. ரெக்கையைக் கழட்டி லாரியில ஏத்தணும். என் வேலையும் அதே லாரியில ஏறிடும். யாராவது ஊத்தினா போதும், நான் எப்படின்னு சொல்றேன்."

மலைக்கோயிலுக்குப் பின்னால் மேகம் கறுத்திருந்தது.

பாவா கயிற்றுக்கு அடியில் குனிந்து உள்ளே போனார். என்னையும் இழுத்துக்கொண்டார்.

"மேடம், இவன் என் மச்சான். ரெண்டு வருஷம் ஏரோபிளானுக்குப் பெட்ரோல் ஊத்தினவன்." ஒரு மூச்சு விட்டு, "அப்படித்தான் சொல்லிகினு கீறான்," என்றார்.

அவள் முகம் மலர்ந்தது. அதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

"நிஜமாவா? அப்ப முதல்ல என்ன செய்வீங்க, சொல்லுங்க."

வாயால் ஊற்றியது

சொல்வதில் எனக்கு என்ன பயம்? ரெண்டு வருஷம் மேத்யூ கத்தியது முழுக்கக் காதில் இருக்கிறதே. கடகடவென்று சொன்னேன். இன்ஜின் ஆறியிருக்கணும். சுவிட்ச் அணைஞ்சிருக்கணும். கம்பியைத் தரையில மாட்டணும். பிளாஸ்டிக் கேன், பிளாஸ்டிக் புனல் ஆகாது. புனல் வாயோரம் ஒட்டியிருக்கணும். கேனை உசரத் தூக்கி டீ ஆத்துற மாதிரி ஊத்தக் கூடாது. ஒரு சொட்டு சிந்தி இறக்கை வழியா ஓடி, சூடான பைப்பு மேல விழுந்தா கதை முடிஞ்சுது.

கயிற்றுக்கு வெளியே நின்றிருந்த பஸ் ஸ்டாண்டு டீ மாஸ்டர், "பாருடா, நம்மளத்தான் சொல்றான்," என்றார். ஆனால் கூட்டத்தில் சிரிப்பு வரவில்லை. நாலு வருஷத்தில் முதல் தடவை.

கம்பி மாட்ட முளை வேண்டும். ஏரியில் மேய்ந்துகொண்டிருந்த ஆட்டைக் கட்டிய இரும்பு முளை இருந்தது. ஆட்டுக்காரியிடம் கேட்டதற்கு, முளையைத் தருகிறேன், அதுவரைக்கும் ஆட்டை யார் பிடித்துக்கொள்வது என்றாள். ஒரு போலீஸ்காரர் பிடித்துக்கொண்டார். காய்ந்த மண்ணில் முளை அடித்தால் பயனில்லை, ஈரம் வேண்டும் என்றேன். நாலு பேர் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்தார்கள். பாவாவின் தறிக்கொட்டகையில் பல்பு மாற்ற ஏறும் மூன்று படி ஸ்டூல் வந்து சேர்ந்தது. கட்டுமான வேலை நடக்கும் வீட்டிலிருந்து ஒரு வாளி மணல் வந்தது.

எல்லாம் தயார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

தப்பிக்க ஒரு வழியை அதுவரை பத்திரமாக வைத்திருந்தேன்.

"மேடம், ஒரு சிக்கல் கீது," என்றேன், முகத்தை முடிந்த அளவு வருத்தமாக வைத்துக்கொண்டு. "ஊத்துறவன் பருத்தித் துணி தான் போட்டிருக்கணும். நான் போட்டிருக்கிறது பாலியஸ்டர். சட்டையும் அதான், பேன்ட்டும் அதான். ரூல்ஸ் ரூல்ஸ்தான்."

"கரெக்ட்," என்றாள் அவள். முகம் வாடிவிட்டது.

பாவா மொபெட்டிடம் போனார். மூட்டையை அவிழ்த்தார். மொடமொடவென்று ஒரு புது லுங்கியை உதறிக்கொண்டு வந்தார்.

"நூத்துக்கு நூறு பருத்தி. என் தறில நெய்தது. கட்டிக்கோ."

திருத்தணி பூராவும் பார்க்க, ஏரி நடுவில், பாவா ஒரு பக்கமும் டிரைவர் ஒரு பக்கமும் லுங்கியை விரித்துப் பிடிக்க, நான் பேன்ட்டைக் கழற்றினேன். மேலே பனியன் மட்டும். நல்ல வேளையாக அது பருத்தி. கெட்ட வேளையாக என்றும் சொல்லலாம்.

மிச்சமிருந்தது ஒரே ஒரு யோசனை. நான் தப்பு செய்தால் பாவா பார்க்கக் கூடாது.

"பாவா, வாளியை நீ பிடி. ஏரோபிளானுக்கு முதுகைக் காட்டி நில்லு. ஜனத்தைத்தான் பாக்கணும். எங்க நெருப்பு தெரிஞ்சாலும் ஓடிப்போய்க் கொட்டு."

"திரும்பிப் பாக்கவே கூடாதா?"

"கூடாது."

"அப்ப நீ ஊத்துறதை நான் எப்படிப் பாக்கிறது?"

"அங்க இன்னா சினிமாவா ஓடுது?" என்றேன்.

பாவா வாளியைத் தூக்கினார். திரும்பி நின்றார். ஒரு வேலையைச் சொன்னால் அதை மட்டும் செய்கிற ஆள் அவர். தறிகாரர்.

மூடி

இப்போது நான் ஆரம்பித்த இடத்துக்கு வந்துவிட்டோம். லேபிள் ஒட்டிய லுங்கி, கேன், மூடி.

கேனை இறக்கை மேல் வைக்கக் கூடாது, நசுங்கிவிடும். இடுப்பில் அணைத்துக்கொண்டு ஒரு கையால் மூடியை வலது பக்கம் திருகினேன். அசையவில்லை. இடது பக்கம் திருகினேன். அசையவில்லை. வியர்வை கண்ணில் இறங்கியது.

கீழே நின்ற நித்யா வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு, தனக்குத்தானே சொல்வது போல மெல்லச் சொன்னாள். "கீழ அழுத்தி, அப்புறம் இடது பக்கம்."

அழுத்தினேன். திருகினேன். திறந்தது.

புனலை வைத்து, தோலை விரித்து, கேனைச் சாய்த்தேன். அப்போதுதான் இன்னொன்று புரிந்தது. புனல் வாயை அடைத்துக்கொண்டிருக்கிறது. டேங்க் எவ்வளவு நிறைந்தது என்று மேலேயிருந்து பார்க்கவே முடியாது. இதை மேத்யூ எப்படிச் சமாளித்தார்? நான் எங்கே பார்த்தேன்? முதுகைக் காட்டி அல்லவா நின்றேன்?

பெட்ரோல் இறங்க ஆரம்பித்தது. டொளக், டொளக் என்று வெறும் பானைக்குள் விழும் சத்தம்.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

ரெண்டு வருஷம் என் முதுகுக்குப் பின்னால் கேட்ட சத்தம். முதலில் டொளக்கென்று விழும். பாதி நிறைந்ததும் களகளவென்று மாறும். முக்கால் வந்ததும் சத்தம் மெலிந்து மேலே ஏறும். கடைசியில் தெருக்குழாயில் குடம் நிறைகிற மாதிரி விசில் போல ஓர் இழை. அந்த இழை வந்த மறு நொடி மேத்யூ "போதும்" என்பார். தெருக்குழாயில் பெண்கள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பார்கள், குடத்தைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள், ஆனால் குடம் வழிவதற்கு முன்னால் கை தானாகக் குழாயை மூடும். அது மாதிரிதான். எனக்குக் கண் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. காது எல்லாம் கற்றுவைத்திருந்தது.

முதல் கேன் முழுக்க இறங்கியது. இன்னும் இடம் இருப்பதாகச் சத்தம் சொல்லியது. விரலில் பட்ட பெட்ரோல் பனிக்கட்டி மாதிரி சில்லென்று ஆறியது. கீழே ஒரு சொட்டு விழவில்லை.

மூடியைப் போட்டதும் கூட்டம் "அரோகரா" என்று கத்தியது. டீ மாஸ்டரும் கத்தினார். அதுதான் வினையாகப் போயிற்று.

பூசணிக்காய்

ஸ்டூலை அடுத்த இறக்கைக்கு மாற்றினோம். ரெண்டாவது கேனைச் சாய்த்தபோது ஜனத்துக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. விசில், கைதட்டல், நிற்காத அரோகரா. பெட்ரோல் விழும் சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை. உதட்டில் விரலை வைத்துக் காட்டலாம் என்றால் ரெண்டு கையும் கேனில். களகளவா, விசிலா, ஒன்றும் தெரியவில்லை. குருடனைப் போல ஊற்றிக்கொண்டிருந்தேன்.

தலையைத் தூக்கினேன். கூட்டம் விலகி ஒருவருக்கு வழி விடுகிறது. போலீஸ்காரர் கயிற்றைத் தூக்கிப் பிடிக்கிறார். ஊற்றுகிறவனுடைய அக்கா என்று சொன்னாளாம், உடனே விட்டுவிட்டார்.

அக்கா வந்துகொண்டிருந்தாள். கையில் தாம்பாளம். தாம்பாளத்தில் வெள்ளைப் பூசணிக்காய். பூசணிக்காயின் தலையில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

இத்தனை கண் பட்டிருக்கிறதே தம்பிமேல், ஏரோபிளானையும் அவனையும் சேர்த்து மூன்று சுற்று சுற்றித் திருஷ்டி கழித்து உடைக்கலாம் என்று வந்தவள். எங்கள் ஊரில் புது மொபெட் வாங்கினால்கூட இதைச் செய்வோம். யார் மேல் குற்றம் சொல்வது?

நான் "அக்கா, வேணாம்" என்று அடித்தொண்டையில் கத்தினேன். அரோகராவில் அது கரைந்துவிட்டது. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். வந்துகொண்டே இருந்தாள். கேனை வீசவும் முடியாது, இறங்கவும் முடியாது. நித்யா எனக்குக் கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அக்கா வந்தது அவளுடைய முதுகுப் பக்கம்.

பாவா பார்த்தார். அவர் பார்க்க வேண்டிய பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சொன்னது ஒன்றே ஒன்று. எங்கே நெருப்பு தெரிந்தாலும் ஓடிப்போய்க் கொட்டு. யார் கையில் இருக்கும் நெருப்பு என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

லுங்கியை மடித்துக் கட்டிய கால்களோடு பாவா ஓடினார். விமானத்துக்கு இருபது அடி தள்ளி அக்காவை மறித்தார். ஒரு வாளி மணல். மொத்தமும். கற்பூரம், பூசணிக்காய், தாம்பாளம், அக்காவின் தலை, பூ, நல்ல புடவை, எல்லாவற்றின் மேலும் கொட்டினார்.

ஏரி சட்டென்று அமைதியானது. விசில் அடித்தவன் விரலை வாயிலேயே வைத்துக்கொண்டு நின்றான். பொண்டாட்டி தலையில் ஒருவன் மணல் கொட்டினால் எந்த ஊரும் ஒரு நிமிஷம் வாயை மூடும்.

அந்த அமைதியில், என் காதுக்குக் கீழே, மெல்லிய விசில் மாதிரி ஓர் இழை கேட்டது.

கேனை நிமிர்த்தினேன்.

"என்னாச்சு?" என்றாள் நித்யா. அப்போதுதான் திரும்பி மணலைப் பார்த்தாள், பிறகு என்னை. "கேன்ல இன்னும் இருக்கே. முழுசா ஊத்துங்க, டேங்க்ல இடம் இருக்கும். நான் கணக்குப் போட்டேன்."

"போதும் மேடம்."

நான் இறங்கினேன். அவள் ஒற்றைக் கையால் ஸ்டூலைப் பிடித்து ஏறி, புனலை எடுத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். விமானம் நின்ற இடம் கொஞ்சம் சரிவு. மிச்சமிருந்த பெட்ரோல் மெல்ல மெல்லத் தாழ்ந்த பக்கத்து டேங்குக்கு வந்து சேர்ந்திருக்கிறது. விளிம்புக்கும் பெட்ரோலுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி. இன்னும் கொஞ்சம் ஊற்றியிருந்தால் வழிந்திருக்கும்.

"எப்படித் தெரிஞ்சுது?" என்றாள்.

"பழக்கம் மேடம்," என்றேன். அன்று நான் சொன்னதில் அது பொய்யில்லை.

ஏறியது

இறக்கைக்கு அடியிலிருந்து ஒரு கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் பெட்ரோல் பிடித்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். மணிக்கட்டு தாங்குமா என்று போலீஸ்காரர் கேட்டதற்கு, ஓட்டுவது பெரும்பாலும் இடது கைதான் என்றாள். சக்கரத்தடியிலிருந்து எலுமிச்சம்பழங்களை எடுக்கப் போனாள். கூட்டம் பதறியது. அதன் மேல் ஏறித்தான் போக வேண்டும் என்றார்கள். சரியென்று மூன்றையும் நசுக்கிக்கொண்டே போனாள்.

ஏரியின் கடைசி வரை ஓடி, கருவேல மரங்களுக்கு மேல் ஓர் ஆள் உயரத்தில் தூக்கி, மலையைச் சுற்றித் திரும்பினாள். ஒரு தடவை இறக்கையை ஆட்டினாள். கொஞ்ச நேரத்தில் முதல் மழைத்துளி விழுந்தது. பெரிய மழையெல்லாம் இல்லை. புழுதி அடங்கும் அளவுக்கு ஒரு தூறல்.

கேனில் மிஞ்சியதைப் பாவாவின் மொபெட்டுக்கு ஊற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். பாவாவே ஊற்றினார். ஓடிய ஓட்டத்தில் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். கால் லிட்டராவது மண்ணில் சிந்தியிருக்கும்.

அக்கா மொபெட்டில் ஏறவில்லை. தலையில் மணலோடு, பூசணிக்காயை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடந்தே போனாள். பாவாவோடு மூன்று நாள் பேசவில்லை. பூசணிக்காயை மறுநாள் கூட்டு செய்து எனக்கு மட்டும் போட்டாள்.

இரண்டு பக்கக் காது

நானும் பாவாவும் திரும்பும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது. இன்ஜினை அணைத்துவிட்டு நின்றோம்.

"பாவா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"அங்க நான் ஊத்தினதே இல்ல. ரெண்டு வருஷமும் வாளிதான் பிடிச்சேன்."

சரக்கு ரயில் போனது. நீளமான ரயில். அது போய் முடியும் வரை பாவா பெட்டிகளை எண்ணினார்.

"தெரியும்," என்றார்.

"எப்படி?"

"அழுத்தி இடது பக்கம் திருப்புன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சே."

"நீ அந்தப் பக்கம் திரும்பி நின்னியே."

"கண்ணு தானே அந்தப் பக்கம். காது ரெண்டு பக்கமும் கீதே."

கேட் திறந்தது. மொபெட்டைக் கிளப்பினார். நாளைக் காலையில் டீக்கடையில் என் கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். பாவா பொய் சொல்ல மாட்டார். ஊரே அறிந்த விஷயம் அது.

காலையில் போனோம். டீ மாஸ்டர் கையிலிருந்த பாத்திரத்தைக்கூடக் கீழே வைக்காமல் ஆரம்பித்தார்.

"ரெக்கை, விடிகாலைல ஏரிப்பக்கம் போயிருந்தேன். பெட்ரோல் வாசனை குப்புனு அடிக்குது. சிந்தாம ஊத்தினேன்னு சொன்ன?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். நான் கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாவா தன் கிளாஸைப் பலகையில் வைத்தார்.

"அது நான் சிந்தினது. என் வண்டிக்கு ஊத்தும்போது."

"அப்ப இவன் சிந்தலியா?"

"இல்ல."

"நீ பாத்தியா? வாளியைத் தூக்கிகினு அந்தப் பக்கம் திரும்பி நின்னியே?"

"பாக்கல. கேட்டேன்."

டீ மாஸ்டர் விடவில்லை. "அப்ப ரெண்டு வருஷம் அங்க ஊத்தினேன்னு சொல்லிகினு திரியிறானே, அது நிஜமா?"

பாவாவின் முகம் சுருங்கியது. இழை அறுந்த முகம். அறுந்ததை எங்கே பிடித்து எங்கே முடிவது என்று அவர் யோசிப்பது எனக்குத் தெரிந்தது.

"ரெண்டு வருஷம் இவன் அங்க நின்னான்," என்றார். "நிக்காதவனுக்கு இது வராது. டீயை ஆத்து."

டீ மாஸ்டர் என் டீயைக் கையை உயர்த்தி ஒரு முழ நீளத்துக்கு ஆற்றினார். பாதி பலகையில் சிந்தியது. பாவா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.